கார் இல்லாம இங்கிலாந்து கிராமப்பக்கம் கால்வாய், ஏரி எல்லாம் சுத்திப் பாக்குறது எப்படி?

நீங்க கேட்டது இதுதான்: லண்டனுக்கு மேற்கே இருக்கிற ரீடிங்குக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, கார் கிடையாது, சாதாரண ஹைப்ரிட் சைக்கிள் ரெண்டு இருக்கு, பத்து வயசுப் பொண்ணு இருக்கா, தண்ணி ஓரமா நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஆசை, ஆனா யாரைக் கேட்டாலும் வடக்குல மலையும் ஏரியுமா இருக்கிற லேக் டிஸ்ட்ரிக்ட் போங்கன்னு மட்டும்தான் சொல்றாங்க, அங்க ரூம் வாடகையைப் பாத்தா மலைப்பா இருக்கு, பக்கத்துலயே ஒரு நாள்ல போய்ட்டு வர மாதிரி ஏதாவது இருக்கா, அப்புறம் எல்லாப் பாதையிலயும் சைக்கிள் விடலாமா.

லேக் டிஸ்ட்ரிக்ட் எங்கயும் ஓடிப்போகாது, அதை அடுத்த வருஷத்துக்கு வச்சுக்கோங்க. முதல்ல கால்வாய்ல ஆரம்பிங்க. உங்க வீட்டுலருந்து கொஞ்ச தூரத்துலயே கென்னட் அண்ட் ஏவன் கால்வாய் ஆரம்பிக்குது, ரீடிங்லருந்து பிரிஸ்டல் வரைக்கும் 87 மைல், அதாவது 140 கிலோமீட்டர், அந்த வழியில பெரும்பகுதிக்கு ரயில் பாதையும் பக்கத்துலயே கூடவே வருது. இதைவிட வசதி இந்த நாட்டுல கார் இல்லாத ஒருத்தருக்குக் கிடைக்கிறது கஷ்டம். எங்க சோர்வா இருக்கோ அங்க நிறுத்திட்டு அடுத்த ஸ்டேஷன்ல ஏறி வீட்டுக்கு வந்துடலாம்.

கால்வாய் ஏன்னு சொல்றேன். இங்க இருக்கிற கால்வாய்கள் பெரும்பாலும் 1760லருந்து 1830க்குள்ள வெட்டினது, நிலக்கரி, கல்லு, தானியம் ஏத்தின படகைக் கரையில நடந்துபோற குதிரை கயிறு கட்டி இழுக்கும். கால்வாய்த் தண்ணி சரிவா நிக்காது, அதனால மைல் கணக்கா ஒரே மட்டத்துல வெட்டியாகணும், மேடு வந்தா லாக், அதாவது ரெண்டு பக்கமும் கதவு வச்ச தொட்டி கட்டி, தண்ணியை நிரப்பி படகை மேல ஏத்தணும். ஜேம்ஸ் பிரிண்ட்லி மாதிரி ஆரம்பகால இன்ஜினியர்கள் மேட்டை வெட்டுறதைவிட மேட்டைச் சுத்தியே கொண்டுபோனாங்க, ஆக்ஸ்ஃபோர்ட் கால்வாயோட தெற்குப் பக்கம் போனீங்கன்னா அது வளைஞ்சு வளைஞ்சு போறதைப் பாக்கலாம். நமக்கு இதுல என்ன லாபம்னா அந்தக் குதிரை நடந்த பாதை, டோபாத்னு சொல்வாங்க, அது இன்னைக்கும் அப்படியே சமதளமா கிடக்கு. மலையேறத் தெரிய வேண்டாம், கியர் போடத் தெரிய வேண்டாம், பத்து வயசுப் பிள்ளை ஒரு நாள்ல பத்து மைல் ஓட்டும், ஏத்தம்னா லாக் பக்கத்துல வர்ற சின்ன ஏத்தம் மட்டும்தான்.

இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயுமா கிட்டத்தட்ட 2,000 மைல் கால்வாய், ஆறுகளை கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்னு ஒரு அறக்கட்டளை 2012லருந்து பாத்துக்குது, அதுக்கு முன்னாடி அரசாங்க அமைப்பு ஒண்ணு பாத்துக்கிட்டு இருந்துச்சு. அவங்க டோபாத்ல நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் டிக்கெட்டும் கிடையாது பெர்மிட்டும் கிடையாது. சில இடத்துல சைக்கிளை இறங்கித் தள்ளிட்டுப் போகச் சொல்லி போர்டு இருக்கும், அதை மட்டும் மதிச்சா போதும்.

சட்டம் பத்தி கேட்டதால இதை இங்கயே சொல்லிடுறேன், இதைத் தெரிஞ்சுக்காம ஆத்தோரம் சைக்கிள்ல கிளம்பி விவசாயிகிட்ட பேச்சு வாங்குனவங்க நிறைய பேர். இங்கிலாந்துல கிராமத்து நிலம் பெரும்பாலும் தனியாருக்குச் சொந்தம், ஆனா அதுக்குள்ள பொதுமக்கள் போக உரிமை உள்ள பாதைகள் சட்டப்படி பதிவாகி இருக்கு, 1949ல வந்த சட்டத்துக்கு அப்புறம் ஒவ்வொரு கவுன்சிலும் அதுக்கு மேப் வச்சிருக்கணும். கம்பத்துல மஞ்சள் அம்பு இருந்தா ஃபுட்பாத், நடக்க மட்டும். நீல அம்பு இருந்தா பிரிடில்வே, நடக்கலாம், குதிரையில போகலாம், சைக்கிளும் விடலாம், சைக்கிளுக்கு அந்த உரிமை 1968 சட்டத்துல வந்துச்சு, ஆனா நடக்குறவங்களுக்கும் குதிரைக்கும் வழி விட்டுத்தான் போகணும். தேம்ஸ் ஆத்தோரம் போற தேம்ஸ் பாத் இருக்கே, அதுல பெரும்பகுதி ஃபுட்பாத்தான், அதனால ஆறு, பாதை எல்லாம் பாத்துட்டு கால்வாய் மாதிரியே இருக்கும்னு நினைச்சு சைக்கிள் எடுத்துட்டுப் போகாதீங்க, அங்க நடந்து போங்க, ரீடிங்லருந்து சானிங் வரைக்கும் கரையோரமா நடக்குறது ஒரு சாயங்காலத்துக்கு அருமையா இருக்கும். ஸ்காட்லாந்துல சட்டம் வேற, அங்க இதைவிட ரொம்ப தாராளம், அங்கிருந்து வந்தவங்க சொல்றதை வச்சு இங்க முடிவு பண்ணாதீங்க.

மேப்புக்கு ஆர்ட்னன்ஸ் சர்வேதான், வேற எதுவும் அதுக்கு ஈடில்ல. ஆரஞ்சு அட்டை போட்ட எக்ஸ்ப்ளோரர் 1:25,000 அளவு, அதுல வேலி, கேட், லாக் எல்லாம் தெரியும், பச்சைக் கோடுல சின்னக் கோடு விட்டு விட்டு இருந்தா ஃபுட்பாத், நீளக் கோடா இருந்தா பிரிடில்வே. ஃபோன்ல ஆப்பாவும் இருக்கு. கூகுள் மேப்பை மட்டும் நம்பிப் போனா அது உங்களைச் சேத்துக்குள்ள கொண்டுபோய் விட்டுடும்.

சரி, முதல் பயணம் எதுன்னு கேட்டா நான் பெட்வின்னுதான் சொல்வேன், பிரபலமான பாத் (Bath) நகரம் பக்கம் அப்புறம் போகலாம். சைக்கிளை வீட்லயே வச்சிட்டு மூணு பேரும் ரீடிங்ல ரயில் ஏறுங்க, சில வண்டி நேரா போகும், சிலதுக்கு நியூபரில மாறணும். கிரேட் பெட்வின் ஒரு சின்ன ஊரு, ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா கொஞ்ச தூரத்துலயே கால்வாய். டோபாத் வழியா மேற்கே நடந்தா ரெண்டு மைலுக்குள்ள கிராஃப்டன் வரும், வழியெல்லாம் லாக்கா வரும். பொண்ணுக்கு லாக் எப்படி வேலை செய்யுதுன்னு காட்ட இதைவிட நல்ல இடம் இல்ல, ஏன்னா கூட்டம் இருக்காது, படகுல வர்றவங்களே கூப்பிட்டு கதவு தள்ள விடுவாங்க.

லாக்கோட மேல் கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணி உயரமா நிக்கும், கீழ் கதவுக்கு இந்தப் பக்கம் தாழ்வா நிக்கும். கதவு ரெண்டும் சேரும்போது நேரா சேராது, மேட்டுப் பக்கம் பாத்து கூரா ஒரு முனையில சேரும், அதனால தண்ணி தள்ளத் தள்ள கதவு இன்னும் இறுகிக்கும், தாழ்ப்பாளே வேண்டாம். படகுக்காரர் எல் மாதிரி வளைஞ்ச இரும்புக் கைப்பிடி ஒண்ணு, விண்ட்லஸ்னு பேர், அதைப் போட்டுச் சுத்தினதும் கதவுக்கு அடியில இருக்கிற அடைப்பு மேல தூக்கும், தண்ணி உள்ள வரும், ரெண்டு பக்கமும் மட்டம் ஆகுற வரைக்கும் நீங்க எவ்வளவு பலம் போட்டுத் தள்ளினாலும் கதவு அசையாது, மட்டம் ஆன அந்த நிமிஷம் பத்து வயசுப் பொண்ணு முதுகை வச்சுத் தள்ளினாலே அந்தப் பெரிய மரக் கட்டை நகர ஆரம்பிக்கும். கரையில செங்கல் வரிசை ஒண்ணு கொஞ்சம் எழும்பி வட்டமா பதிச்சிருப்பாங்க, அது தள்ளுறவங்க கால் வழுக்காம ஊனிக்கிறதுக்கு. பொண்ணை அதுல கால் வச்சுத் தள்ளச் சொல்லுங்க.

கிராஃப்டன்ல ஏன் நிக்கச் சொல்றேன்னா, ஏரியும் கால்வாயும் எப்படி ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம்னு அங்கதான் கண்ணால பாக்கலாம். கால்வாயோட உச்சி அந்தப் பக்கம்தான் இருக்கு, உச்சியைத் தாண்டுற ஒவ்வொரு படகும் ஏறும்போது ஒரு லாக் தண்ணியைக் கிழக்கே இறக்கிடும், இறங்கும்போது இன்னொரு லாக் தண்ணியை மேற்கே இறக்கிடும். சுரங்கம் நீளமா வெட்டினா செலவுன்னு உச்சியைக் கொஞ்சம் உயரத்துலயே விட்டுட்டாங்க, அந்த உயரத்துக்கு இயற்கையா வந்து சேர ஆறு எதுவும் இல்ல. அதனால கீழ ஊத்துத் தண்ணியைத் தேக்கி, நீராவி இன்ஜின் வச்சு 12 மீட்டர் மேல ஏத்தி, அங்கிருந்து ஒரு சின்ன வாய்க்கால் வழியா உச்சிக்கு விட்டாங்க. அந்தத் தேக்கம்தான் கால்வாய் ஓரத்துல நீங்க பாக்குற வில்டன் வாட்டர், பாத்தா ஏதோ பழங்காலத்து ஏரி மாதிரி நாணலும் வாத்துமா இருக்கும், ஆனா அது கால்வாய்க்காக 1836ல உண்டாக்கினது. பம்ப் ஹவுஸ்ல இருக்கிற போல்டன் அண்ட் வாட் இன்ஜின் 1812ல செஞ்சது, அதே கட்டடத்துல அதே வேலையை இன்னைக்கும் செய்யக்கூடிய நிலையில இருக்கு, உலகத்துலயே இந்த மாதிரி வேலை செய்யுற ரொம்பப் பழைய பீம் இன்ஜின் இதுதான். தினசரி வேலைக்கு இப்ப கரண்ட் பம்ப் வச்சிருக்காங்க, வருஷத்துல சில வார இறுதிகள்ல மட்டும் தன்னார்வலர்கள் நிலக்கரி போட்டு நீராவியில ஓட்டுவாங்க. அந்தத் தேதியைப் பாத்துட்டுப் போங்க, தயவுசெஞ்சு சாதாரண நாள்ல போய்ட்டு இவ்வளவுதானான்னு திரும்பி வராதீங்க, அந்தப் பெரிய இரும்பு உத்தரம் மெதுவா மேல ஏறி ஒரு கணம் நின்னு கீழ இறங்குறதைப் பாக்குறதுக்காகவே எத்தனை தடவை வேணா ரயில் ஏறலாம்.

இன்னொண்ணு, எந்தப் பழைய பாலத்துக்கு அடியில போனாலும் வளைவோட ஓரத்துக் கல்லை, இல்லன்னா அதுக்கு மேல அடிச்சிருக்கிற இரும்புத் தகட்டைத் தொட்டுப் பாருங்க. விரல் நுழையுற ஆழத்துக்குப் பள்ளம் பள்ளமா இருக்கும். அது குதிரை இழுத்த கயிறு அறுத்தது. கயிறு நனைஞ்சு மண்ணு ஒட்டிக்கிட்டு வரும், நூறு வருஷத்துக்கு மேல அது உரசி உரசி இரும்பையே அறுத்திருக்கு.

ரெண்டாவது பயணத்துக்கு சைக்கிள் எடுங்க. பாத்லருந்து பிராட்ஃபோர்ட் ஆன் ஏவன் வரைக்கும் டோபாத் வழியா சுமார் பத்து மைல், நேஷனல் சைக்கிள் நெட்வொர்க் 4வது ரூட் இதுலதான் போகுது, பாதை நல்லா இறுகின சரளை. வழியில ரெண்டு இடத்துல கால்வாய் ஏவன் ஆத்துக்கு மேலயே பாலம் போட்டுத் தாண்டுது, ஒண்ணு டண்டாஸ், இன்னொண்ணு ஏவன்கிளிஃப். டண்டாஸ் பாலம் ஜான் ரென்னி வடிவமைச்சது, 1805ல முடிஞ்சது, பாத் கல்லுல கட்டினது, மூணு வளைவு. பலபேரு மேலயே சைக்கிள் விட்டுட்டுப் போய்டுறாங்க, நீங்க அப்படிப் பண்ணாதீங்க, சைக்கிளைப் பூட்டிட்டு கீழ புல்வெளிக்கு இறங்கி ஆத்தோரம் நின்னு மேல பாருங்க, கீழ ஆறு, மேல படகு. ஏவன்கிளிஃப்ல குட்டி ரயில் ஸ்டேஷன் ஒண்ணு இருக்கு, கை காட்டினாத்தான் வண்டி நிக்கும், பொண்ணுக்குக் கை காட்டி ரயிலை நிறுத்தினதா ஊருக்கு எழுத ஒரு கதை கிடைக்கும். பிராட்ஃபோர்ட்ல 14ஆம் நூற்றாண்டுத் தானியக் களஞ்சியம் ஒண்ணு இருக்கு, உள்ள போய் கூரை மரச்சட்டத்தைப் பாருங்க, காசு கிடையாது.

இன்னும் ஒரு பன்னெண்டு மைல் போக உடம்புல தெம்பு இருந்தா டிவைஸஸ், அங்கதான் கேன் ஹில். ரெண்டு மைல் தூரத்துல 29 லாக், 72 மீட்டர் ஏத்தம், அதுல நடுவுல இருக்கிற 16 லாக்கும் ஒரே சரிவுல ராட்சசப் படிக்கட்டு மாதிரி வரிசையா நிக்கும். ஒவ்வொரு லாக்குக்கும் நடுவுல தண்ணி சேர இடம் இல்லாததால பக்கவாட்டுல அகலமா குளம் வெட்டியிருக்காங்க, அந்தக் குளங்கள்ல இப்ப பறவைகளா குடியிருக்கு. கடைசியா முடிஞ்ச பகுதியே இதுதான், 1810ல இது திறந்ததும்தான் கால்வாய் முழுசா ஓடுச்சு. முப்பது வருஷம்தான் நல்லா சம்பாதிச்சுச்சு, 1841ல லண்டன் பிரிஸ்டல் ரயில் வந்துச்சு, 1852ல அந்த ரயில் கம்பெனியே கால்வாயை வாங்கிடுச்சு, அப்புறம் நூறு வருஷத்துல பல இடம் வத்தி செடி முளைச்சுப் போச்சு. மூடிடலாம்னு பேச்சு வந்தப்ப ஊர்க்காரங்களும் தன்னார்வலர்களும் விடாம போராடி, சேறு வாரி, கதவு மாத்தி, 1990ல எலிசபெத் ராணி வந்து மறுபடி திறந்து வச்சாங்க. இன்னைக்கு நாம ஓசியில சைக்கிள் விடுற பாதை அவங்க கையால மீட்டது, அதனாலதான் அங்க குப்பை போடுறவங்களைப் பாத்தா எனக்குக் கோவம் வரும். டிவைஸஸ்ல ரயில் ஸ்டேஷன் கிடையாதுங்கிறதை மட்டும் மறந்துடாதீங்க, 1960கள்லயே மூடிட்டாங்க, திரும்பி டிரோபிரிட்ஜ் வரணும், இல்லன்னா பஸ்.

ரயில்ல சைக்கிள் ஏத்துறதுக்கு லோக்கல் வண்டியில இடம் இருந்தா ஏத்திக்கலாம், தூரத்து வண்டியில முன்கூட்டியே புக் பண்ணணும், காலை மாலை ஆபீஸ் நேரத்துல சில வண்டியில விடவே மாட்டாங்க. மடிக்கிற சைக்கிள்னா இந்தத் தொந்தரவே இல்ல. அதெல்லாம் வேண்டாம்னா பாத் பக்கம் வாடகை சைக்கிள் கிடைக்குது, கால்வாய் ஓரத்துலயே.

டோபாத்ல நடந்துபோறவங்களுக்குத்தான் முதல் உரிமை. பின்னாடிலருந்து வரும்போது தூரத்துலயே பெல்லை ரெண்டு தடவை மெதுவா அடிங்க, வேகத்தைக் குறைங்க, தாண்டும்போது ஒரு தேங்க்யூ, அவ்வளவுதான், எல்லாரும் சிரிச்சுட்டுத்தான் வழி விடுவாங்க. பாலத்துக்கு அடியில பாதை குறுகிடும், வளைவுல எதிர்ல யார் வர்றாங்கன்னு தெரியாது, தலையும் இடிக்கும், அங்க பொண்ணை இறங்கித் தள்ளச் சொல்லுங்க. மீன் பிடிக்கிறவங்க பாதைக்குக் குறுக்க நீளமான கம்பை நீட்டி வச்சிருப்பாங்க, அந்தக் கம்பு விலை உங்க சைக்கிளைவிட ஜாஸ்தியா இருக்கும், நின்னா அவங்களே இழுத்துக்குவாங்க. இலையுதிர் காலத்துலயும் குளிர்காலத்துலயும் ஹாத்தார்ன் வேலியை வெட்டி விடுவாங்க, அந்த முள்ளு டியூபை விடவே விடாது, ஸ்பேர் டியூப் ரெண்டும் பம்பும் இல்லாம கிளம்பாதீங்க. டயர் 35 மில்லிமீட்டருக்குக் குறையாம அகலமா இருக்கட்டும்.

பொண்ணு இருக்கிறதால இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். கால்வாய் ஆழம் கம்மிதான், பல இடத்துல பெரியவங்க எழுந்து நிக்கலாம், ஆனா லாக் அப்படி இல்ல, சுவர் செங்குத்து, வழுக்கும், தண்ணி இறங்கும்போது சுழல் வரும். லாக் ஓரத்துல ஓட விடாதீங்க, கதவு மேல நடந்து தாண்டணும்னா கம்பியைப் பிடிச்சிட்டு நீங்க கூட போங்க. வெயில் அடிக்குதேன்னு ஏரியிலயோ ஆத்துலயோ சட்டுன்னு குதிக்கிறது இங்க ரொம்ப ஆபத்து, மேல 28 டிகிரி இருக்கும், தண்ணி 15க்குக் கீழ இருக்கும், குதிச்ச உடனே மூச்சு தானா இழுத்துக்கும், நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களே அப்படிப் போயிருக்காங்க. கோடையில தண்ணி மேல பச்சைப் பெயின்ட் கொட்டின மாதிரி படலம் இருந்தா அது நீலப்பச்சைப் பாசி, கை வைக்கக் கூடாது. கையில வெட்டுக்காயம் இருந்தா பிளாஸ்திரி ஒட்டிக்கோங்க, சாப்பிடுறதுக்கு முன்னாடி கை கழுவுங்க, எலி மூத்திரத்துலருந்து வர்ற லெப்டோஸ்பைரோசிஸ் இங்கயும் உண்டு. வயல்ல கன்னுக்குட்டியோட மாடு நின்னா நடுவுல புகுந்து போகாம சுத்திப் போங்க, நம்ம ஊர் மாடு மாதிரி மனுஷனோட பழகினது இல்ல.

இப்ப ஏரிக்கு வரேன். தெற்கு இங்கிலாந்துல நீங்க பாக்குற ஏரி முக்கால்வாசி மனுஷன் தோண்டினதுதான், ரோடு போட, வீடு கட்ட சரளை எடுத்த குழியில தண்ணி ரொம்பினது. தீல் பக்கம், டின்டன் பாஸ்ச்சர்ஸ் பக்கம் எல்லாம் அப்படித்தான், உங்க வீட்டுலருந்து சைக்கிள்லயே போய்டலாம், குளிர்காலத்துல வடக்கேருந்து வாத்துக் கூட்டம் வந்து இறங்கும். பெரிய அளவுல பாக்கணும்னா காட்ஸ்வோல்ட் வாட்டர் பார்க், 150க்கு மேல ஏரி, அதே மாதிரி சரளைக் குழிகள்தான். கெம்பிள் ஸ்டேஷன்ல இறங்கினா தேம்ஸ் பிறக்கிற இடமும் நடக்கிற தூரம்தான், ஒரு மரத்தடியில ஒரு கல்லு, கோடையில சொட்டுத் தண்ணி இருக்காது, மழைக்காலம் முடிஞ்சு போங்க.

சைக்கிள்ல ஒரு ஏரியை முழுசா சுத்தணும்னா மத்திய இங்கிலாந்துல இருக்கிற ரட்லண்ட் வாட்டர். ஓக்கம் ஸ்டேஷன்லருந்து கொஞ்ச தூரம், சுத்து 17 மைல், நடுவுல நீட்டிக்கிட்டு இருக்கிற ஹாம்பிள்டன் தீபகற்பத்தையும் சேத்தா 23. குழந்தையோட போறவங்க 17ஓட நிறுத்திக்கோங்க, தீபகற்பத்துல ஏத்த இறக்கம் இருக்கு. 1970கள்ல பள்ளத்தாக்கை அடைச்சுக் குடிதண்ணிக்காகக் கட்டின நீர்த்தேக்கம் இது, நார்மன்டன் சர்ச்சை மட்டும் இடிக்காம பாதி உயரத்துக்கு உள்ள கல்லைக் கொட்டி நிரப்பி காப்பாத்தியிருக்காங்க, இப்ப அது தண்ணிக்குள்ள நிக்குது. ஆஸ்ப்ரேன்னு மீன் பிடிக்கிற பருந்து, இங்கிலாந்துல இல்லாமலே போயிருந்துச்சு, 1996ல ஸ்காட்லாந்துலருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இங்க விட்டாங்க, 2001லருந்து கூடு கட்டுது. வசந்தத்துலருந்து கோடை முடியுற வரைக்கும்தான் இருக்கும், அப்புறம் ஆப்பிரிக்கா போய்டும்.

கடைசியா, அடுத்த வருஷம் லேக் டிஸ்ட்ரிக்ட் போறப்ப விண்டர்மியர்லயே இறங்கி அங்கயே நிக்காதீங்க, 17 கிலோமீட்டர் நீளம், இங்கிலாந்துலயே நீளமான ஏரி, ஆனா அதோட கரையில இருக்கிற போனெஸ் (Bowness) ஊர் பக்கம் லீவு நாள்ல கால் வைக்க இடம் இருக்காது. பென்ரித் வரைக்கும் ரயில், அங்கிருந்து பஸ்ல கெஸ்விக் போங்க. டெர்வென்ட்வாட்டரை முழுசா சுத்த பத்து மைல், பத்து வயசுக்கு அது ஜாஸ்தி. ஆனா ஏரியைச் சுத்தி லாஞ்ச் ஓடுது, வழியெல்லாம் படகுத்துறை. காலையில லாஞ்ச்ல ஹாஸ் எண்ட் போய் இறங்கி, பிராண்டல்ஹோ காட்டு வழியா கரையோரமா தெற்கே நடந்து, சதுப்பு மேல போட்டிருக்கிற பலகைப் பாதையைத் தாண்டி லோடோர்ல மறுபடி லாஞ்ச் பிடிங்க. பிராண்டல்ஹோ 1902ல நேஷனல் டிரஸ்ட்னு இயற்கையையும் பழைய இடங்களையும் பாதுகாக்குற அறக்கட்டளை மக்கள்கிட்ட நிதி திரட்டி வாங்கினது, லேக் டிஸ்ட்ரிக்ட்ல அவங்க வாங்கின முதல் நிலம், கரை தனியார் கைக்குப் போய் வேலி விழுந்துடக் கூடாதுன்னுதான் வாங்கினாங்க. இந்த நடை நாலு மைலுக்குள்ளதான், பெரிய ஏத்தம் எதுவும் கிடையாது. குளிர்காலத்துல லாஞ்ச் குறைவு, கடைசிப் படகு எத்தனை மணிக்குன்னு காலையிலயே துறையில பாத்து ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க, அதை விட்டுட்டா லோடோர்லருந்து கெஸ்விக் வர பஸ்ஸுக்கு நிக்கணும், இல்லன்னா நடக்கணும்.